படம் வந்தது, உதவி வந்ததா?

1991ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி காலை. கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில் ஆயிரக்கணக்கானோர் சாந்தா குரூஸ் இடுகாட்டை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். இரண்டு வாரங்களுக்கு முன் கொல்லப்பட்ட செபஸ்தியாவ் கோமெஸ் என்ற இளைஞருக்கு அஞ்சலி செலுத்துவதுதான் அவர்களின் நோக்கம். 1975ல் அந்த மண்ணைக் கைப்பற்றிய இந்தோனீசிய ராணுவம் அங்கே வந்து சுடத் தொடங்கியது. 250க்கும் மேற்பட்டோர் பலியானதாகக் கணக்கு.

இடுகாட்டுக்குள் மேக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் இருந்தார். குண்டடிபட்டவர்கள் கல்லறைகளுக்கிடையே சாய்ந்து கிடந்ததையும், போர்த்துகீசிய மொழியில் பிரார்த்தனை செய்ததையும் அவர் படம் பிடித்தார். ராணுவம் நெருங்கியபோது ஒளிநாடாக்களைக் கல்லறை ஒன்றில் புதைத்து வைத்தார். கைதாகி, விசாரிக்கப்பட்டு வெளியே வந்ததும் இருட்டிய பிறகு திரும்பிச் சென்று தோண்டி எடுத்தார். நாடாக்களை நாட்டைவிட்டு மறைத்துக் கொண்டுபோனவர் ஒரு டச்சுப் பத்திரிகையாளர். உலகம் அந்தக் காட்சிகளைப் பார்த்தபோது நாள்கள் பல கடந்துவிட்டன.

அந்த நாள்களின் இடைவெளியில் மலேசியாவோடு தொடர்புள்ள ஓர் உயிரும் அடக்கம். கமால் பாமாஜ், 20 வயது பல்கலைக்கழக மாணவர். தந்தை மலேசியர், தாய் நியூசிலாந்துக்காரர். மனித உரிமைப் பணிக்காக டிலிக்குச் சென்றிருந்தார். சுடப்பட்ட அவரைச் செஞ்சிலுவைச் சங்க வண்டி ஏற்றிக்கொண்டது. வழியில் ராணுவத்தினர் தடுத்ததால் மருத்துவமனை போய்ச் சேரத் தாமதமானது. ரத்தப் பெருக்கால் அவர் இறந்தார். அவருடைய தாயார் ஹெலன் டாட், இந்தோனீசிய ஜெனரல் ஒருவர்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 1994ல் நீதிமன்றம் 14 மில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, மகன் வரவில்லை.

டிலி காட்சிகள் வீண்போயின என்று சொல்லிவிட முடியாது. அதுவரை கிழக்குத் திமோரை மறந்திருந்த நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1996ல் ஆயர் பெலோவுக்கும் ஹோசே ராமோஸ் ஹோர்த்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு, 1999ல் பொது வாக்கெடுப்பு, 2002ல் விடுதலை. இந்தப் பயணத்தில் அந்த ஒளிநாடாவுக்கும் பங்குண்டு. ஆனால் இடுகாட்டில் கிடந்தவர்களில் ஒருவரைக்கூட அது காப்பாற்றவில்லை. படம் அன்றே, அந்த நிமிடமே வெளியே போயிருந்தால் துப்பாக்கிகள் இறங்கியிருக்குமா? அடுத்த 20 ஆண்டுகளில் தொழில்நுட்பம் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தது.

2007 செப்டம்பரில் மியன்மாரில் புத்த பிக்குகள் வீதிக்கு வந்தபோது, நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து இயங்கிய பர்மா ஜனநாயகக் குரல் நிறுவனத்தின் செய்தியாளர்கள் பைகளில் மறைத்த சிறு கேமராக்களால் படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நாள்கள் மணிநேரங்களாகச் சுருங்கின. செப்டம்பர் 27ஆம் தேதி யாங்கூனில் ஜப்பானியப் பத்திரிகையாளர் கென்ஜி நாகாய் சுட்டுக் கொல்லப்பட்டதும் படமாக வெளிவந்தது. ராணுவ அரசு உடனே இணையத்தைத் துண்டித்தது. வெளியான படங்களில் தெரிந்த முகங்களை வைத்தே ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள் என்பது இன்னொரு கசப்பு. கேமரா பாதிக்கப்பட்டவனுக்கு மட்டும் நண்பன் அல்ல.

மணிநேரங்கள் நொடிகளாகச் சுருங்கியது சிரியாவில். சுவீடனில் 2007ல் தொடங்கிய பம்பியூசர் நிறுவனத்தின் சேவையால் கைப்பேசியிலிருந்தே நேரலை செய்ய முடிந்தது. ஹோம்ஸ் நகரின் பாபா அம்ர் பகுதியைப் படைகள் முற்றுகையிட்டபோது, குண்டு விழுவதையும் புகை எழுவதையும் அங்கிருந்தவர்கள் நேரடியாகக் காட்டினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் அவற்றை எடுத்து ஒளிபரப்பின. டிலியில் நடக்காதது இங்கே நடந்தது: கொலை நடக்கும் வேளையிலேயே உலகம் பார்த்தது.

பார்த்துவிட்டு என்ன செய்தது? 2012 பிப்ரவரி 4ஆம் தேதி ஐநா பாதுகாப்பு மன்றத்தில் சிரியா பற்றிய தீர்மானத்தை 13 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தின. தீர்மானம் தோற்றது, குண்டுவீச்சு தொடர்ந்தது. அந்த மாதமே சிரிய அரசு பம்பியூசரை முடக்கியது. பாபா அம்ரிலிருந்து இடைவிடாமல் நேரலை செய்துவந்த ராமி அல் சையத் பிப்ரவரி 21ஆம் தேதி தாக்குதலில் உயிரிழந்தார். மறுநாள், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக உலகத் தொலைக்காட்சிகளிடம் பேசியிருந்த பத்திரிகையாளர் மேரி கோல்வினும் புகைப்படக்காரர் ரெமி ஒச்லிக்கும் கொல்லப்பட்டனர். அவர்கள் தங்கியிருந்த ஊடக மையம் குறிவைத்தே தாக்கப்பட்டது என்று 2019ல் அமெரிக்க நீதிமன்றம் கூறியது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு நேரலை என்றால் ஒரு பெருமிதம் உண்டு. போர்க்களத்தில் நேரலை அனுப்புகிறவர் இருக்கும் இடத்தை எதிரி கண்டுபிடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்படியானால் நேரடிக் காட்சி எங்குமே உயிரைக் காத்ததில்லையா? காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் கொங்கோ ஜனநாயகக் குடியரசில், கோமா நகரிலிருந்து 2013 டிசம்பரில் ஐநா அமைதிப்படை ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டது. ஐநா அமைதிப்படை இத்தகைய விமானங்களைப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. இத்தாலியில் தயாரான ஃபால்கோ வகை விமானங்கள், ஆயுதம் இல்லாதவை; கண்காணிக்க மட்டுமே. காட்டுக்குள் ஆயுதக் குழுக்கள் நடமாடுவதை முன்கூட்டியே கண்டு, கிராமங்களைக் காப்பது திட்டம்.

2014 மே மாதம் கிவு ஏரியின்மேல் பறந்த ஒரு விமானம், படகு ஒன்று மூழ்குவதைக் காட்டியது. அமைதிப்படை படகுகளை விரைந்து அனுப்பியது. 14 பேர் மீட்கப்பட்டனர். போருக்காக வாங்கிய கருவி ஏரி விபத்தில் உதவியது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் டிலிக்கும் ஹோம்ஸுக்கும் கிடைக்காத ஒன்று அந்த ஏரியில் இருந்தது. காட்சியைப் பார்த்தவர்களின் கையெட்டும் தூரத்தில் படகு இருந்தது. போகச் சொல்லும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. நியூயார்க்கில் வாக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ ஒரு மாதம் சென்றது. ஜூன் 6ஆம் தேதி இரவு, தெற்குக் கிவு மாநிலத்தின் முத்தாருலே கிராமத்தில் ஆயுதக் கும்பல் புகுந்து 30 பேரையாவது கொன்றது. அதே அமைதிப்படையின் முகாம் ஒன்று சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. தாக்குதல் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர்களுக்குத் தகவல் எட்டிவிட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு பின்னர் விசாரித்து எழுதியது. விமானமோ கேமராவோ தேவைப்படவில்லை, தொலைபேசியே போதுமானதாக இருந்தது. அன்றிரவு முகாமிலிருந்து யாரும் போகவில்லை.