அப்பன் வேலையும் பிள்ளையின் தெரிவும்

பத்தாவது முடித்த பிள்ளையிடம் ‘உனக்கு என்ன பிடிக்கும், என்னவாகப் போறே?’ என்று கேட்பது இன்றைக்குச் சாதாரணப் பேச்சாகிவிட்டது. ஆனால் சேரியில் இந்தக் கேள்விக்கு வயசு ரொம்பக் கம்மி. தோட்டி பிள்ளை வாளி தூக்கணும், வெட்டியான் பிள்ளை பிணம் எரிக்கணும் என்று பிறக்கும் முன்பே எழுதிவைத்த நாட்டில், தொழிலைத் தெரிவு செய்வதே ஒரு கலகம். இந்த வரலாற்றை மறந்துவிட்டு நம் பிள்ளைகளுக்கு யோசனை சொல்ல முடியாது.

1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் இதைப் பிட்டுப்பிட்டு வைத்தார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருத்தன் தலைமேல் ஒருத்தனாக அடுக்குகிறது. பிள்ளையின் திறமையைப் பார்க்காமல் பெற்றவர்களின் சாதியைப் பார்த்து வேலையைச் சுமத்துகிறது. மனசும் மூளையும் ஒட்டாத வேலையில் திறமை எங்கிருந்து வரும் என்பது பொருளாதாரம் படித்த அவருடைய வாதம். ஆகவே ‘பிடித்த வேலை’ என்பது வசதியுள்ள வீட்டு ஆடம்பரமல்ல. நமக்கு அது விடுதலைக் கோரிக்கை.

அந்தக் காலம் போச்சு என்றும் சும்மா இருக்க முடியவில்லை. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் பள்ளி. மிச்ச நேரம் அப்பன் வேலையைப் பழகணும். தச்சன் பிள்ளை கைக்கு உளி வந்திருக்கும். நம் பிள்ளை கைக்கு? செத்த மாடும் மலவாளியும்தான். ‘குலக்கல்வி’ என்று அதைப் பெரியாரும் பலரும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போனது, எண்ணம் போகவில்லை. எங்கள் காலனியில் பல வருசமாக மாலைப் பாடம் சொல்லித் தருகிறேன். என்னிடம் படித்த பையன் ஒருத்தனுக்கு, பிளஸ் டூ முடித்த வருசம் அப்பா இறந்துபோனார். ஊராட்சி, நகராட்சி என்று காலமெல்லாம் குப்பை அள்ளிய மனுசன். வாரிசு வேலை கேட்டுப் போனால் அலுவலகத்தில் சொன்ன பதில்: “உங்கப்பா பாத்த வேலைதான் காலியா இருக்கு, நாளைக்கே சேந்துக்கோ.” அவனுடைய மதிப்பெண் பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அழுதாள்: “கவருமெண்டு வேலைடா சாமி, விட்டுடாத.” அந்த அழுகையை நான் குறைசொல்ல மாட்டேன். அடுப்பெரியணும். ஆனால் அவனிடம் சொன்னேன்: “தம்பி, உன் படிப்புக்குத் தகுந்த வேலையைக் கேட்டு மனு எழுது. கொடுக்கிறவன் தீர்மானிக்கட்டும்னு நிக்காத.” எழுதினோம், ஒப்புகைச் சீட்டும் வாங்கினோம். அவன் காத்திருக்காமல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான்.

இங்கே அம்பேத்கரின் வாழ்க்கையையே பாடமாகச் சொல்லலாம். 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்தவர், 1917இல் அங்கேயே வேலைக்கு வந்தார். பெரிய பதவி, ஆனால் தங்க இடம் தர ஆளில்லை. பார்சி என்று சொல்லி ஒரு விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பிறகு 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். அதையும் விட்டு மறுபடி லண்டன் போய்ப் படித்து, 1923இல் வழக்கறிஞராக நின்றார். சம்பளம் நிச்சயமில்லாத தொழில். ஆனால் மேலதிகாரி வாயை மூடச் சொல்ல முடியாத தொழில். 1942இல் வைசிராய் நிர்வாக சபையில் உறுப்பினரானதும் சும்மா இருக்கவில்லை. மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் வந்தது அப்படித்தான். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது வாங்குகிற ஸ்காலர்சிப்புக்கு அதுதான் வேர்.

ஆகவே பிள்ளைகளே, எடைபோடும்போது சம்பளத்தை வையுங்கள், அது முக்கியம். அதோடு இன்னும் சில கல்லையும் வையுங்கள். இந்த வேலையை எனக்காக யார் தீர்மானித்தது? நானா, என் சாதியா, கடனா? இதில் நிமிர்ந்து பேச முடியுமா? படிக்க ஆகும் செலவுக்கு எந்த உதவித்தொகை, எந்த விடுதி இருக்கிறது? நாலு வருசம் தாங்கும் பலம் வீட்டுக்கு உண்டா, இல்லையென்றால் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் யார்? எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு நான் கதவைத் திறப்பேனா, சாத்துவேனா?

ஒரு பிள்ளை ‘நான் பறையடிக்கத்தான் போறேன்’ என்றால் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்கிறார்கள். அடிக்கட்டும். கூலி பேசி, கலையாக, மேடையேறி அடிக்கட்டும். சாவு வீட்டுக்கு வா என்று ஊர்க்காரன் அதட்டிக் கூப்பிட்டால் மட்டும், ‘வர முடியாது’ என்று அவனால் சொல்ல முடியணும். அந்தச் சொல் வாயில் வருகிற இடத்தில்தான் தெரிவு என்பது இருக்கிறது.