ஜோ லூயிஸ்: எந்த ஓய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்லுறது?

1949 மார்ச்சில் ஓய்வை அறிவித்தபோது, 1937இல் வென்ற ஹெவிவெயிட் பட்டத்தை ஜோ லூயிஸ் 25 தடவை காப்பாற்றியிருந்தார். அத்தோட நிறுத்தியிருக்கலாமே எண்டு பலர் சொல்லுவினம். ஆனா அவர் வெறும் ஆசையில் திரும்பி வரவில்லை.

1938இல் ஜேர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங்கை முதற்சுற்றிலேயே வீழ்த்தியபோது, கறுப்பரான அவரை வெள்ளை அமெரிக்காவும் கொண்டாடியது. 1942இல் இரண்டு சண்டைகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். கொடுத்த பணத்துக்கும் அரசு வரி கேட்டது. மற்ற வரிப் பாக்கிகளும் சேர்ந்து கடன் கழுத்தை நெரிக்க, 1950இல் திரும்பி வந்து எஸ்ஸார்ட் சார்ள்ஸிடம் தோற்றார். 1951இல் ரொக்கி மார்சியானோ எட்டாம் சுற்றில் அவரைச் சாய்த்தார்.

என்னைக் கேட்டால், அவருடைய வரலாறு 1949ஓடு முடிகிறது. பிறகு வந்த தோல்விகளில் பாதி அந்த அரசின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.