பழகின கையும் மாறின மட்டையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகமானதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு. நீளமா இருக்கும், பொறுத்தருள்க மக்களே.

சொந்த ஊர் வில்லியனூர். பொட்டி தட்டுற வேலை. உக்காந்து உக்காந்து முதுகு போனதால, போன வருஷம் மறுபடி டேபிள் டென்னிஸ் ஆட ஆரம்பிச்சேன். சின்ன வயசுல நல்லா ஆடினவன்ங்கற தெம்புல பேட்டைத் தூக்கிட்டுப் போனா, கோச் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீங்க ஆடிப் பழகின எடத்துல பின்னாடி செவுரு இருந்துச்சா?"

ஆடிப் போயிட்டேன். நிஜமாவே இருந்துச்சு.

லீவு விட்டா பாகூர்ல சித்தப்பா வீடுதான். ஏரிக்கரைப் பக்கம் ஒரு மன்றத்து ரூம்ல ஒரு பழைய மேசை. மேசைக்குப் பின்னாடி ரெண்டடியில செவுரு. கையைப் பின்னாடி இழுத்தா முட்டி செவுத்துல இடிக்கும். அதனால சித்தப்பா சொல்லிக் கொடுத்த ஃபோர்ஹேண்ட் என்னன்னா, கையை இழுக்காம மணிக்கட்டால மட்டும் ஒரு வெட்டு. பேட்டும் ஸ்பாஞ்ச் இல்லாத, மேல புள்ளி புள்ளியா இருக்கற பழைய ரப்பர் பேட்டு. அந்த ரூமுக்கும் அந்த பேட்டுக்கும் அதுதான் சரியான அடி. மன்றத்துல எங்களை யாரும் அசைக்க முடியாது.

இப்போ ஸ்பாஞ்ச் வெச்ச வழவழ ரப்பர், பெரிய ஹால். இங்க பந்தை வெட்டக் கூடாது, இடுப்பைத் திருப்பிக் கீழேர்ந்து மேல தேய்ச்சு விடணும். கோச் ரெண்டு மாசம் மேட்ச் ஆடவே கூடாதுன்னுட்டார். கண்ணாடி முன்னாடி வெறுங்கையால வீசிப் பழகணும், கூடை கூடையா பந்து போட்டு அடிக்கணும். ப்ராக்டிஸ்ல எல்லாம் ஒழுங்கா வரும். மேட்ச்ல 9-9 ஆச்சுன்னா போதும், பாகூர் செவுரு பின்னாடி வந்து நின்னுடும். மணிக்கட்டு தானா வெட்டும், பந்து வலையில. எட்டாவது படிக்கிற ஒரு பையன்கிட்ட இப்படியே மூணு தடவை தோத்தேன் :-(

நம்ம பாஷையில சொன்னா லெகசி கோட். அழிக்க முடியாது. மேல புதுசு எழுதலாம், ஆனா லோடு ஏறினா பழசு எட்டிப் பார்க்கும்.

இந்த வயித்தெரிச்சல்லதான் தேடிப் படிச்சேன். என் ஒருத்தன் கதைன்னு நெனச்சது, ஒரு காலத்துல உலகத்துல இருந்த எல்லா ஆட்டக்காரனுக்கும் நடந்திருக்கு. அதுவும் நம்ம நாட்டுலயே ஆரம்பிச்சிருக்கு.

1952, பம்பாய். 19வது உலக சாம்பியன்ஷிப். ஆசியாவுல நடந்த முதல் உலகப் போட்டி அதுதான். (அப்போ எங்க வில்லியனூரும் பாகூரும் இன்னும் ஃபிரெஞ்சுக்காரன் கையில. 1954 நவம்பர் 1லதான் இந்தியாவோட சேர்ந்துச்சு.) அதுவரைக்கும் அநேகமா எல்லார் கையிலயும் புள்ளி ரப்பர் மட்டைதான். பந்து பட்டா 'டொக்'னு கேக்கும். எதிராளி எவ்வளவு வேகமா அடிக்கறான்னு கண்ணு பாதி சொல்லும், காது மீதி சொல்லும்.

ஜப்பான்லேர்ந்து ஹிரோஜி சாட்டோன்னு ஒருத்தர் வந்தார். பெரிய பேரெல்லாம் இல்ல. ஆனா கையில தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டின மட்டை. அடிச்சா சத்தமே வராது. பந்து ஸ்பாஞ்சுல அமுங்கி எகிறி வரும். எதிர்ல நின்னவங்க வருஷக்கணக்கா பழகின அடியும் தடுப்பும் திடீர்னு வேலை செய்யல. ஃபைனல்ல ஹங்கேரியோட கோச்சியானைத் தோக்கடிச்சு சாட்டோ உலக சாம்பியன். முதல் தடவையா கலந்துக்கிட்ட ஜப்பானுக்கு மொத்தம் 7 பட்டத்துல 4.

அங்க சாட்டோகிட்ட தோத்தவங்கள்ல ஒருத்தர் அமெரிக்காவோட மார்ட்டி ரைஸ்மன். அப்போ அவருக்கு 22 வயசு. அவர் மாறவே மாட்டேன்னுட்டார். பழைய மட்டைதான் நிஜ ஆட்டம்னு கடைசிவரைக்கும் சொன்னார். 1997ல, 67 வயசுல, பழைய மட்டைக்காரங்களுக்கான அமெரிக்க தேசியப் போட்டியில ஜெயிச்சார். 2012ல காலமானார்.

அந்தப் பக்கம் ஜப்பான்ல இச்சிரோ ஒகிமுரா. பழைய மட்டையில ஆரம்பிச்சு ஸ்பாஞ்சுக்குக் கையை மாத்திக்கிட்டவர். 1954லயும் 1956லயும் உலக சாம்பியன். பின்னாடி உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனத்துக்கே தலைவர்.

இதுல ஒரு வேடிக்கை. 1959ல மட்டைக்கு விதி வந்துச்சு. வெறும் ஸ்பாஞ்ச் கூடாது, ஸ்பாஞ்ச் மேல ரப்பர் இருக்கணும், ரெண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. அதாவது, உலகத்தையே கை மாத்த வெச்ச சாட்டோவோட மட்டையே செல்லாதுன்னு ஆயிடுச்சு!

அதோட முடியல. 2000ல பந்து 38லேர்ந்து 40 மில்லிமீட்டர் ஆச்சு. வேகமும் சுழலும் குறைஞ்சுச்சு. 2001ல 21 பாயிண்ட் கேம் 11 ஆச்சு. 2002ல சர்வீஸ் போடும்போது பந்தை மறைக்கக் கூடாதுன்னாங்க. 2008ல பந்தை எகிற வைக்கற ஸ்பீட் க்ளூவுக்குத் தடை. 2014லேர்ந்து செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து.

இப்போ நம்ம சென்னை சரத் கமலை எடுத்துக்குங்க. 1982ல பிறந்தவர். சின்னப் பையனா 38 மில்லிமீட்டர் பந்துல, 21 பாயிண்ட் ஆட்டத்துல கத்துக்கிட்டவர். பந்து பெருசானப்போ வயசு 18. மேல சொன்ன ஒவ்வொரு மாத்தமும் அவர் வளர்ந்த ஆளா இருக்கறப்பதான் வந்துச்சு. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் ஒற்றையர்ல தங்கம். 16 வருஷம் கழிச்சு, 2022 பர்மிங்காம்ல, 40 வயசுல, மறுபடி அதே தங்கம். ரெண்டு தங்கத்துக்கும் நடுவுல பசை மாறிடுச்சு, பந்து மாறிடுச்சு. 2025ல சென்னையில ஆடி ஓய்வு பெற்றார்.

இன்னொருத்தரையும் சொல்லாம விட முடியாது. வி. சந்திரசேகர். மூணு தடவை தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது. 1984ல முழங்கால் அறுவை சிகிச்சையில தப்பு நடந்து மூளை பாதிச்சு பேச்சு, பார்வை, நடை எல்லாம் போச்சு. அந்த மனுஷன் ஒவ்வொண்ணாத் திரும்பக் கத்துக்கிட்டு, கோச்சா மேசைக்கே வந்தார். சத்யனுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். 2021 மே மாசம் கொரோனா கொண்டு போயிடுச்சு. இதைப் படிச்சப்புறம், ஒரு ஃபோர்ஹேண்டுக்குப் போய் நான் பொலம்பறது எனக்கே வெக்கமா இருந்துச்சு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். பழைய அடி தப்பான அடி இல்ல. அன்னிக்கு இருந்த மட்டைக்கும் செவுத்துக்கும் அதுதான் சரி. கேள்வி மாறிடுச்சு, கை இன்னும் பழைய கேள்விக்கே பதில் சொல்லிக்கிட்டு இருக்கு. அதைத் திட்டி மாத்த முடியாது. "செவுரு இல்லப்பா, இழு"ன்னு ஆயிரம் தடவை சொல்லிக் காட்டணும், அவ்ளோதான்.

போன பொங்கலுக்குப் பாகூர் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு 60 தாண்டிடுச்சு. மன்றத்து மேசை இன்னும் இருக்கு. மேசையை முன்னாடி தள்ளிப் போட்டு, எனக்குப் பின்னாடி எடம் பண்ணிக்கிட்டு புது ஃபோர்ஹேண்டை அடிச்சேன். சித்தப்பா பந்தை எடுக்காம அப்படியே நின்னார்.

"இது நான் சொல்லிக் குடுத்தது இல்லியேடா."

என்ன சொல்றதுன்னு தெரியல. பதினெட்டு வருஷம் முன்னாடி என் மணிக்கட்டைப் பிடிச்சு சொல்லிக் கொடுத்த கை அது. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "நல்லாத்தான் இருக்கு. அதைக் குடு பாப்பம்"னு என் பேட்டை வாங்கினார். முதல் அடி நேரா செவுத்துல. ரெண்டாவது ஃபேன்ல. "என்னடா, தானா எகிறுது!" அரை மணி நேரத்துல பேட்டைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு நாலு பந்து உள்ள போட்டுட்டார்.

பேட்டை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். எனக்கு வேற ஒண்ணு வாங்கிக்கிட்டேன்.

டிஸ்கி: 9-9ல இன்னும் வெட்டறேன். ஆனா அந்த எட்டாவது பையனை ஒரு தடவை ஜெயிச்சாச்சு :-) உங்களுக்கும் இப்படி மாத்த முடியாத 'கைப்பழக்கம்' ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.