பிள்ளைக் காம்பரா: தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழில் செய்யும் தாயின் குழந்தையை வேலை நேரத்தில் யார் பார்ப்பது என்பது நகரத்து அலுவலகங்களோடு தோன்றிய புதிய வினா எனக் கருதுவோர் உளர். இலங்கையைப் பொறுத்தவரை அவ்வினா மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலத்திற்கு முன்னரே எழுந்து, அங்கேயே ஒருவகை விடையையும் பெற்றது. பிள்ளைக் காம்பரா என்பதே அவ்விடை. சில தோட்டங்களில் அதனைப் பிள்ளை மடுவம் என்றும் வழங்குவர். வேலைவழங்குநரே இடமும் ஆளும் தந்து தொழிலாளரின் பிள்ளைகளைப் பராமரிக்கும் இவ்வேற்பாடு எத்தேவையின் பொருட்டு நிலைபெற்றது, பெற்றோருக்கு அது எத்தகைய தெரிவை அளித்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலானோர் ஆண்கள். அறுவடைக் காலத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்புவதே வழக்கமாயிருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்துவந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தொழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். அப்பணி பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கோப்பிக்கு ஆள் போதுமாயிருந்தது. தேயிலையோ குடும்பத்தையே வேண்டி நின்றது. லயக் காம்பராக்களில் குடும்பங்கள் நிலையாகக் குடியமர்த்தப்பட்டமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

கொழுந்து காத்திராது, உரிய சுற்றில் பறிக்காவிடின் முற்றிவிடும். ஒரு தாய் குழந்தையோடு லயத்தில் தங்கினால் ஒரு கூடை கொழுந்து தோட்டத்துக்கு இழப்பு. ஒரு நாட்பேர் அவளுக்கு இழப்பு. எனவே குழந்தையை ஓரிடத்தில் விட்டுச்செல்ல வழிசெய்வது நிருவாகத்திற்கே இன்றியமையாததாயிற்று. பழைய பிள்ளைக் காம்பரா பெரும்பாலும் ஓர் எளிய கொட்டிலே. வளையில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களும், கொழுந்தெடுக்க இயலாத வயதான ஒரு பெண்ணும் அதன் முழு உடைமை எனலாம். கொழுந்து மடுவம் இலைக்கு எவ்வாறோ, பிள்ளை மடுவம் உழைப்புக்கு அவ்வாறே தேவைப்பட்டது. கருணையினால் மட்டும் கட்டப்பட்டதன்று அது. உற்பத்தி ஒழுங்கின் ஓர் உறுப்பாகவே நிலைபெற்றது.

சட்டத்தை நோக்கினும் இவ்வுண்மை புலப்படும். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தொழிலாளர் பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பை அளித்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டத் தாய்க்கு அளிக்கவேண்டிய இரு இடைவேளைகளைப் பற்றிய விதி கூர்ந்து நோக்கற்பாலது. பராமரிப்பு நிலையம் உள்ள இடத்தில் ஒவ்வோர் இடைவேளையும் 30 நிமிடத்திற்குக் குறையலாகாது. அது இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்திற்குக் குறையலாகாது. எனவே நிலையத்தைக் கட்டும் வேலைவழங்குநர் ஒவ்வொரு பாலூட்டும் தாயிடமிருந்தும் நாளொன்றுக்கு ஒரு மணித்தியால உழைப்பை மீட்டுக்கொள்ள முடிகிறது.

தந்தையை இவ்விதிகளிற் காணவியலாது. தோட்டத்தில் கவ்வாத்து முதலிய ஆண்களின் வேலைகள் கணக்கு வேலையாக அமைந்து பிற்பகலின் முற்பகுதியிலேயே முடிவுறுவது வழக்கம். பெண்களோ மாலைக் கொழுந்து நிறுத்தும்வரை மலையில் நிற்பர். அவ்வாறிருந்தும் பிள்ளையை விடுவதும் அழைத்துவருவதும் தாயின் கடமையாகவே கொள்ளப்பட்டன. காலையில் பிள்ளையை விட்டுப் பெரட்டுக்குப் பிந்தி வருபவளை அரைப்பேர் என்னும் அச்சம் தொடர்ந்தது.

பெற்றோருக்கு வேறு தெரிவுகள் இருக்கவில்லையா? இரண்டு இருந்தன: ஒன்று பாட்டி, மற்றையது மூத்த மகள். பாட்டியிடம் விடுவதையே பலர் விரும்பினர். ஆனால் 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தபோது, ஒரே லயத்து உறவுகள் இரு நாடுகளுக்கிடையே பிரிந்தன. பாட்டி கப்பலேறிய வீட்டில் எஞ்சியவள் மூத்த மகளே. தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்தவளின் கையிற் புத்தகம் இருக்கவில்லை. அடுத்த தலைமுறைத் தாயின் கல்வியை விலையாகக் கொடுத்தே அத்தெரிவு வாங்கப்பட்டது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இக்காலப்பகுதியிற் பல பழைய கொட்டில்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. வயதான ஆயாவின் இடத்திற்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தனர். போசாக்குணவு, நிறை பார்த்தல், முன்பள்ளிக் கல்வி ஆகியன இணைந்தன. நகரத்துத் தொழிலாளர் பெண்கள் பலருக்கு இன்றும் கிட்டாத வசதி இது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறையை உறுதிசெய்தது. அவ்விடுமுறை முடிந்ததும் மூன்று மாத அளவான குழந்தையை ஏற்கும் இடமாக இந்நிலையமே உள்ளது.

எனினும் அடிப்படை மாறவில்லை. பராமரிப்பு தோட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளதேயன்றிப் பிள்ளையோடு பிணைக்கப்படவில்லை. தோட்டத்தை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாயைப் பிள்ளைக் காம்பரா பின்தொடர்வதில்லை. மேற்காசியாவில் பிறர் குழந்தையைத் தாலாட்டச் சென்றவளின் குழந்தைக்கு மீண்டும் பாட்டியோ அக்காளோ தான் கதி. வேலைவழங்குநரின் தேவையிற் பிறந்த வசதி, அத்தேவை குன்றும்போது தானும் குன்றும் என்பதையே வரலாறு உணர்த்துகின்றது. எனவே பிள்ளைப் பராமரிப்பைக் கொழுந்தின் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து, தாய் தந்தை இருவரும் எங்கு உழைப்பினும் அவர்தம் பிள்ளைக்கு உரியதோர் உரிமையாக நிலைநாட்டுதல் வேண்டும். ஒரு நூற்றாண்டாகத் தொட்டிலை மலைச்சரிவில் விட்டுச்சென்று நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த பெண்களுக்கு நாம் பட்டுள்ள கடன் இதுவாகும்.