கிட்டாரும் வயலினும் ஜோடி சேர்ந்த கதை

தலைமன்னார் பியரில் பழைய இறங்குதுறையின் எச்சங்கள்தான் இப்போது மிச்சம். 1914 முதல் 1964 புயல்வரை தனுஷ்கோடிக் கப்பல் வந்து நின்ற இடம் அது. இறங்கிய கையோடு ரயில் ஏறி மதவாச்சியில் மாறினால் யாழ்ப்பாணம். தமிழ்நாட்டு வித்துவான்களுக்கு ஈழம் அவ்வளவு கிட்ட இருந்தது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்தவர் வி. லட்சுமிநாராயண ஐயர். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் அவர் பிள்ளைகள். 1958 இனக்கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. இளையவர் சங்கர் பின்னாளில் கிட்டாரோடு சேர்ந்து வாசித்து உலகப் புகழ் பெற்றார். ஆனால் ஜாஸில் கிட்டார்-வயலின் ஜோடி பிறந்தது அதற்கு வெகு முன்பே, பிலடெல்பியாவில்.

எடி லாங், வயலின்காரர் ஜோ வெனூட்டி இருவரும் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகள், பள்ளித் தோழர்கள். கிட்டார்காரரான லாங்கும் முதலில் கற்றது வயலின்தான். வெனூட்டியோ தான் நடுக்கடலில் கப்பலில் பிறந்ததாக அடித்துவிடுவார். அந்த மனிதர் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

அன்று ஒலிப்பதிவு என்றால் பெரிய கூம்புக்குழலின் முன் நின்று வாசிப்பதுதான். கிட்டாரின் மெல்லிய நாதம் அதில் ஏறாது. ஆகவே ஜாஸ் குழுக்களில் பான்ஜோ வைத்ததே சட்டம். 1925இல் மைக் வந்தது. அடுத்த ஆண்டே இருவரும் 'ஸ்ட்ரிங்கிங் த ப்ளூஸ்' பதிந்தார்கள். வயலின் துள்ளி ஓட, தாளமும் கீழ்ச்சுரமும் இடையிடையே பதில் வரியும் கிட்டாரின் பொறுப்பு. மேளம் இல்லாத குறையே தெரியாது.

1933இல், 30 வயதில், தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சையோடு லாங் போய்விட்டார். மறு ஆண்டு பாரிஸில் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் குழு தொடங்கினார்கள். கிட்டார்-வயலின் என்றாலே உலகம் இவர்களைத்தான் சொல்கிறது. லாங்கும் வெனூட்டியும் முந்திக்கொண்டிருக்க, எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்ளினும் நம் யாழ்ப்பாணத்துச் சங்கரும் 'சக்தி' குழுவாக வாசித்த கச்சேரி தட்டாக வந்தது. தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம். மெக்லாஃப்ளின் வீணை பயின்றவர். அவருக்காகவே செய்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்திருந்தார்கள். ஒலித்துளைக்குக் குறுக்கே ஏழு தந்திகள் வேறு. குழியில் தந்தியை அழுத்தி இழுத்தால் கமகம் பேசும். சங்கரின் வில்லுக்கு ஈடுகொடுக்க சாதாரணக் கிட்டார் போதாது.

முதலில் 1926 தட்டைக் கேளுங்கள், பிறகு 1975 கச்சேரியை. வயலினை விட்டுவிட்டுக் கிட்டாரையே பின்தொடருங்கள். லாங் எவ்வளவு பெரிய கை என்பது அப்போது விளங்கும்.