உரித்தெடுத்த சுவர்: தாவுல் கிராமக் கோயிலை முன்வைத்து

‘ரோமனெஸ்க்’ என்கிற பேரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் எழுந்த கோயில்களை இன்று அப்படிச் சொல்கிறோம். தடித்த சுவர், அரைவட்ட வளைவு, சின்னச் சின்னச் சாளரம். கட்டினவர்கள் யாருக்கும் இந்தப் பேர் தெரியாது. 1818இல் ஷார்ல் து ஜெர்வில் என்ற நார்மண்டிக்காரர் நண்பருக்கு எழுதின கடிதத்தில்தான் பிரெஞ்சில் ‘ரோமான்’ என்று இந்தப் பாணிக்குப் பேர் வைத்தார். அவர் சொன்ன காரணம் மொழியிலிருந்து வந்தது. லத்தீன் சனங்களின் வாயில் ‘கெட்டு’ வேறு மொழிகளானதைப் போல ரோமானியக் கட்டிடமுறையும் முரட்டுக் கைகளில் கெட்டு இப்படி ஆனதாம். கொச்சை என்பதுதான் விஷயம். செந்தமிழ், கொச்சை என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்த வகுப்பறைகளில் எம்.ஏ. முடித்தவனுக்கு இந்தக் குரல் பழகின குரல்தான்.

ஆனால் நூறு வருசத்துக்குள் அந்தக் ‘கொச்சை’யே ஒரு தேசத்தின் செவ்வியலாக ஆக்கப்பட்டது. கத்தலோனியாவில் நடந்த கதை அது. ஒரே ஒரு கிராமக் கோயிலை வைத்து அதை வாசித்துப் பார்க்கிறேன்.

தாவுல், பிரனீஸ் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், போஈ பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன ஊர். அங்கே புனித கிளமெண்ட் கோயில். நடுவில் ஒரு கூடம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள். உருண்டு திரண்ட தூண்கள் அவற்றைப் பிரிக்கின்றன. செதுக்கு வேலை கொண்ட போதிகைகள் கிடையாது. கூரை மரம். கல்லால் வளைத்துக் கூரை போட்டிருந்தால் அந்தப் பாரம் பக்கவாட்டில் தள்ளும், தாங்க இன்னும் கனத்த சுவரும் தூணும் வேண்டும். மரமானதால் இத்தனை திறந்த உள்வெளி சாத்தியமாயிற்று. கிழக்கே மூன்று கூடங்களும் மூன்று அரைவட்ட மாடங்களில் முடிகின்றன. நடு மாடம் பெரிசு, பீடம் அங்கே. தெற்குப் பக்கம் ஒல்லியாக, சதுரமாக, ஆறு நிலை மணிக்கோபுரம். நிலைக்கு நிலை தோரணம் கட்டினமாதிரி குட்டி வளைவுகள். வட இத்தாலியில் லொம்பார்தியிலிருந்து பரவின வேலைப்பாடு இது. கல் உள்ளூர்க் கருங்கல். இன்று புகைப்படங்களில் நாம் ரசிக்கிற வெற்றுக் கல்லின் ‘எளிமை’ நம் காலத்து ருசி. உள்ளே அது சுண்ணாம்பு பூசி வர்ணம் தீட்டின இடம்.

ஒரு தூணில் லத்தீனில் எழுத்து தீட்டியிருந்தது. 1123 டிசம்பர் 10ஆம் தேதி மேற்றிராணியார் ரமோன் வந்து கோயிலை அர்ச்சித்தார் என்பது செய்தி. மறுநாளே அதே ஊரில் புனித மரியாள் கோயிலையும் அர்ச்சித்தார். ஒரு மலைக்கிராமத்துக்கு இரண்டு நாளில் இரண்டு கோயில்! பக்திப் பெருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பள்ளத்தாக்கு எரில் பிரபுக்களின் கையில் இருந்தது. 1118இல் அரகோன் அரசன் முதலாம் அல்ஃபோன்சோ முஸ்லிம்களிடமிருந்து சரகோசாவைப் பிடித்தான். அந்தப் போர்களில் எரில் வம்சம் சேர்த்த செல்வமே இந்தக் கோயில்களாக நிமிர்ந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ரோதா, ஊர்கேல் என்று இரண்டு மறைமாவட்டங்கள் பள்ளத்தாக்குக்கு உரிமை கொண்டாடின. ரோதா மேற்றிராணியாரின் பேர் தூணில் ஏறினதுக்கு இந்தப் போட்டியும் சேர்த்துத்தான் அர்த்தம். கல் உடைத்தவன் பேர் இல்லை. ஓவியன் பேரும் இல்லை. ‘தாவுல் ஓவியர்’ என்பது கலை வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் ஒட்டின சீட்டு.

நடு மாடத்தில் அந்தப் பேரில்லாதவன் தீட்டினது உலகை ஆளும் கிறிஸ்து. பாதாம் வடிவச் சட்டத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் விரித்த புத்தகம், மறு கை தூக்கி, நேருக்கு நேர் பார்க்கிற முகம். பிரனீஸிலேயே கிடைக்கிற ஏரினைட் என்ற கனிமம் இந்த வட்டார ஓவியர்களுக்கு நீலம் கொடுத்தது. கலைப் புத்தகங்கள் இந்த முகத்தோடு நின்றுவிடுகின்றன. நான் நிற்கிற இடம் வேறு. பீடத்தின் முன்வளைவில், உட்பக்கம், லாசர் கிடக்கிறான். பணக்காரன் வாசலில் பிச்சைக்காரன், உடம்பெல்லாம் புண், நாய் நக்குகிறது. கொள்ளைப் பணம் கட்டின கோயிலில் இவன் எப்படி வந்தான்? மேலே ராசா மாதிரி கிறிஸ்து, கீழே கதவு திறக்காத பணக்காரன் வீடு. இங்கே பிரதி தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது என்று நான் வாசிக்கிறேன். ஏழைக்கு மறுமையில் இடம் காட்டி இம்மையில் அடக்கிவைக்கிற உத்தி என்றும் வாசிக்கலாம். இரண்டும் ஒரே சுவரில்தான் இருந்தன.

பிற்காலத்தில் பீடத்தின் பின்னால் ஒரு கோதிக் பலகைப் பீடத்தை நிறுத்தினார்கள். ஓவியம் மறைந்தது, அதனாலேயே பிழைத்தது. 1907இல் பார்சிலோனாவில் தொடங்கின கத்தலான் ஆய்வு நிறுவனம் அதே வருசம் மலைக்கு ஒரு குழுவை அனுப்பியது. அதில் ஜூஸெப் புய்க் இ கதஃபால்க் இருந்தார். கட்டிடக் கலைஞர், வரலாற்றாசிரியர், பார்சிலோனா ஆலை முதலாளிகளின் தேசியக் கட்சிக்காரர். 1917இல் பிரதேச நிர்வாகத்துக்கே தலைவரானார். மத்ரித்துக்கு அடங்காத ஒரு பழைய கத்தலோனியா அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதை மலைக்கிராமங்களில் ‘கண்டுபிடித்தார்கள்’.

வியாபாரிகளும் கண்டுபிடித்தார்கள். மூர் என்ற இடத்துக் கோயில் ஓவியம் கைமாறி 1921இல் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் தடுக்கத்தான் என்று சொல்லி 1919 முதல் 1923 வரை மற்ற கோயில்களின் சுவர்களையும் பார்சிலோனா அருங்காட்சியகக் குழு உரித்தது. உரித்தவர்கள் இத்தாலிய நிபுணர்கள், வியாபாரிகளுக்கு உரித்த அதே கைகள். ஓவியத்தின்மேல் விலங்குப் பசையால் துணி ஒட்டுவார்கள். பசை காய்ந்து இறுகும்போது வர்ணத் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பிடுங்கி, சுருட்டி, கோவேறு கழுதைமேல் ஏற்றி இறக்கினார்கள். 1919 பார்சிலோனாத் தொழிலாளர்கள் நகரத்தையே நிறுத்தி எட்டு மணிநேர வேலைநாளை வென்ற வருசமும்கூட. அந்தக் கத்தலோனியாவுக்கு அருங்காட்சியகத்தில் மாடம் கட்டவில்லை.

எடுக்காமல் விட்டிருந்தால் இதுவும் கடல் தாண்டியிருக்கும், நிசம்தான். இந்த வாதத்தை லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் விற்கத் தடை போட்டு, காவல் வைத்து, கூரையைச் செப்பனிட்டு ஓவியத்தை அங்கேயே வைத்திருக்கிற வழியும் ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணூறு வருசம் அந்தச் சுவரின் கீழ் ஞானஸ்நானம் வாங்கி, கல்யாணம் பண்ணி, செத்துப்போன சனங்களைப் பாதுகாவலர்களாக யாரும் நினைக்கவில்லை. பாஸ்டன் வியாபாரியும் பார்சிலோனாத் தேசியவாதியும் ஒத்துப்போன ஒரே இடம் இதுதான்.

1934 முதல் தாவுல் கிறிஸ்து மொண்ட்ஜூயிக் குன்றின் அரண்மனையில் இருக்கிறார். 1929 கண்காட்சிக்காகக் கட்டின கட்டிடம் அது. மாட வடிவில் மரச்சட்டம் வளைத்து அதன்மேல் தோலை ஒட்டியிருக்கிறார்கள். கோயிலுக்குக் கிடைத்தது பிற்பாடு தீட்டின ஒரு நகல். 2000இல் பள்ளத்தாக்கின் ஒன்பது கோயில்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 2013இல் நகலையும் எடுத்துவிட்டு, வெற்றுச் சுவரில் ஒளிபாய்ச்சி ஓவியத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த வேலையின்போது, உரித்தவர்கள் கண்ணில் படாமல் சுவரிலேயே தங்கிப்போன ஒரு துண்டு வெளியே வந்தது. காயீன் ஆபேலைக் கொல்கிற காட்சி. காயீன் உழவன், ஆபேல் ஆடு மேய்ப்பவன். உழவும் மேய்ச்சலுமாகப் பிழைத்த அந்த ஊரின் சுவரில் அது இன்னும் இருக்கிறது.