கலமறுத்த சொல்

காட்டாக்கடைச் சந்தையில் கலம் என்று கேட்டால் மண்பானைதான் கைக்கு வரும். ஆற்றுக்கால் பொங்காலைக்குப் பெண்கள் சுமந்து செல்வதும் அதையே. ஆனால் வரலாற்று நூல்களில் இதே சொல் கப்பலாகி மிதக்கிறது.

985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனுக்கு, நான்காம் ஆட்சியாண்டிலேயே ஒரு விருது வந்துவிடுகிறது: காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தவன். மரக்கலம் எனக் கொண்டோர், சேரரின் கப்பல்கள் அழிந்தன என்றனர். உண்கலம் எனக் கொண்டோர், சாலையில் நடந்த ஊட்டு நின்றது என்றனர். படைக்கலம் எனக் கொள்ளவும் இடமுண்டு. 'அறுத்தல்' என்பதும் வெட்டுதலோடு முடிவதில்லை. வழக்கறுத்தல், விலையறுத்தல் என்னுமிடத்தில் அது தீர்த்து வைத்தலாகும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை பற்றித் தனி ஆராய்ச்சியே எழுதினார்.

அகராதி கைவிடும் இடத்தில் அண்டை ஊர்ச் செப்பேடு கைகொடுக்கிறது. பாறசாலையிலிருந்து களியக்காவிளை கடந்தால் முன்சிறை, அதனருகே பார்த்திபபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடம் மாற்றுநிலம் கொடுத்து இடம் பெற்று, 866ஆம் ஆண்டளவில் அங்கே கோயிலும் சாலையும் அமைத்தான். காந்தளூர் முறைப்படியே இச்சாலை நடக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. சட்டர் எனப்பட்ட வேத மாணவர் 95 பேருக்கு அங்கே இடம். வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என்று பங்கீடு. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றொரு விதியும் உண்டு. வேதம் ஓதுவோருக்கு இப்படித் தடை போட வேண்டியிருந்ததென்றால், அவர்கள் கையில் ஆயுதம் இருந்திருக்கிறது. தமிழில் வெறும் வழியாகிவிட்ட 'சாலை' அன்று உண்டுறை பள்ளி. படைப்பயிற்சிக் களமாகவும் இருந்தது என்பர் அறிஞர் சிலர்.

கடற்போர்தான் பெருமை என்றால், கடலையே அகழியாகக் கொண்ட விழிஞத்தைச் சொல்லியிருக்கலாம். இராசராசன் அதையும் வென்றவன்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தனியே பேசுகிறது. விருதிலோ துறைமுகம் இல்லை, சாலைதான் இருக்கிறது. பின்வந்த இராசாதிராசனும் குலோத்துங்கனும் அதே சாலையில் கலமறுத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒருமுறை அறுத்தது எப்படி மறுபடி முளைத்தது? சோழப் படை திரும்பியதும் அடுப்பு மீண்டும் எரிந்திருக்கும். இலை விழுந்த இடத்தில் ஆளும் சேர்ந்திருக்கும்.

ஆகவே என் சாய்வு உண்கலத்தின் பக்கம். அதனால் சொல்லின் போர்க்குணம் குறைந்துவிடாது. வாள் பிடித்த கைக்குச் சோற்றை நிறுத்துவதும் படையெடுப்புத்தான். தஞ்சையிலிருந்து பார்த்தால் கலம் கப்பலாகத் தெரியலாம். நெய்யாற்றின்கரை அடுக்களையிலிருந்து பார்த்தால் அது உலை கொதிக்கும் பானை.